பழைய ஸ்நேர் டிரம் வாங்கப் போகிறீர்களா? பேட்ஜைக் கடைசியாகப் பாருங்கள்

பழைய ஸ்நேர் டிரம், அதாவது அடிப்பக்கம் கம்பிகள் கட்டிய சின்ன டிரம், ஒன்று கையில் வந்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது பேட்ஜுக்குத்தான். பேட்ஜ் என்பது ஒரு சின்னத் தகடு, நடுவில் ஒரு குழாய் ஆணி, அவ்வளவுதான். அதைக் கழற்றி வேறொரு டிரமில் அடிக்கலாம், நகல் பேட்ஜும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் ஷெல்லில், அதாவது டிரமின் உருளை உடலில், ஒருமுறை போட்ட துளையை இல்லாமல் ஆக்க யாராலும் முடியாது. மரக்கட்டை வைத்து அடைக்கலாம், மேலே ரேப் என்னும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மறைக்கலாம், உள்பக்கத்தில் தடம் இருந்தே தீரும். அதனால் டிரமை உள்ளிருந்து படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் வலி மிகுந்தது. முதன்முதலில் வாங்கிய 'அறுபதுகளின்' மர ஸ்நேர், பேட்ஜ் அசல், த்ரோ-ஆஃப் (ஸ்நேர் வயரை ஹெட்டோடு சேர்க்கவும் விலக்கவும் செய்யும் நெம்புகோல்) அசல், லக் (டிரமின் தோலான ஹெட்டை இறுக்கும் ராடு ஏறும் உதிரி) எல்லாமே அசல். பல மாதம் கழித்து ஹெட் மாற்றக் கழற்றியபோதுதான் உள்ளே த்ரோ-ஆஃப்புக்குப் பக்கத்தில் அடைக்கப்பட்ட இரண்டு துளைகளைப் பார்த்தேன். ஷெல் வேறு ஏதோ டிரமுடையது, அசல் உதிரிகளை எல்லாம் அதில் ஏற்றியிருக்கிறார்கள். விற்றவருக்கே அது தெரிந்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாங்கும் முன் அடி ஹெட்டைக் கழற்றிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

சரி, பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்? டிரம் கீ (ராடைத் திருப்பும் சாவி), சின்ன டார்ச், ஒரு காந்தம், அளவு நாடா, ஒரு ஸ்க்ரூடிரைவர். இவ்வளவு போதும். அடி ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். படத்தை மட்டும் பார்த்து வாங்குவதாக இருந்தால், ஷெல்லின் உள்பக்கம் முழுவதும், இரண்டு விளிம்புகள், காற்றுத் துளை அருகில் இருந்து, த்ரோ-ஆஃப்பும் அதற்கு எதிரே ஸ்நேர் வயரைப் பிடிக்கும் பட் பிளேட்டும், இத்தனை படமும் வேண்டும் என்று கேளுங்கள். உள்ளே படம் எடுத்துத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள், டிரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

உலோக ஷெல் என்றால் காந்தத்தில் தொடங்குங்கள். நன்றாக ஒட்டிக்கொண்டால் எஃகு. ஒட்டவில்லை என்றால் பித்தளை, அலுமினியம், வெண்கலம், செம்பு இவற்றில் ஒன்று. மிக லேசாக இழுப்பதுபோல் தெரிந்தால் குழம்ப வேண்டாம், முலாமில் இருக்கும் நிக்கலுக்கும் கொஞ்சம் இழுப்பு உண்டு. அடுத்து காற்றுத் துளையின் உள்விளிம்பையும் லக் துளைகளின் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள், முலாம் தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெள்ளையாகச் சாம்பல் கலந்து தெரிந்தால் அலுமினியம். எடையும் சொல்லிவிடும். ஒரே அளவு பித்தளை ஷெல்லும் அலுமினிய ஷெல்லும் இரண்டு கையில் தூக்கினால் வித்தியாசம் உடனே தெரியும்.

இந்தச் சோதனை எங்கே மிகவும் பயன்படும் என்றால் அமெரிக்காவின் லுட்விக் நிறுவனம் செய்த சுப்ராஃபோனிக்கில். சேகரிக்கத் தொடங்கும் யாரும் எப்படியும் இந்த டிரமில் வந்துதான் நிற்பார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாட்டுப் பதிவுகளில் அதிகம் கேட்ட ஸ்நேர் எது என்று டிரம்மர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பெயர்தான் வரும். 5 அங்குல ஆழம் உள்ளதன் மாடல் எண் 400, ஆறரை அங்குலம் உள்ளது 402. லெட் செப்பலின் ஜான் பான்ஹம் வாசித்தது இந்த 402 தான். 1960 வாக்கில் வந்த முதல் டிரம்கள் பித்தளை ஷெல் மேல் குரோம் பூசியவை. 1963 வாக்கில் லுட்விக் அலுமினியக் கலவைக்கு மாறியது, அதற்கு லுடலாய் என்று பெயர் வைத்தார்கள். அலுமினியத்தின் மேல் குரோம் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் பழைய சுப்ராஃபோனிக்குகளில் முகப்பரு வந்ததுபோல் புள்ளி புள்ளியாகப் பொரிந்தும், சில இடங்களில் தோல் உரிவதுபோல் உரிந்தும் இருக்கும். பார்க்க வருத்தமாக இருக்கும், ஆனால் சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது. வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பொரிந்த டிரமைத் தயங்காமல் வாங்குங்கள், அதே டிரம் குறைந்த காசில் கிடைக்கும்.

ஆனால் அந்தக் காலத்து டிரம் ஒன்று பொரிச்சலே இல்லாமல் வழுவழுவென்று, கையில் கொஞ்சம் கனமாகவும் இருந்தால் அங்கே நில்லுங்கள். அது ஆரம்பகாலப் பித்தளை ஷெல்லாக இருக்கலாம், எண்ணிக்கையில் மிகக் குறைவானது. அதிலும் கீஸ்டோன் (வளைவின் நடுக்கல் வடிவ) பேட்ஜில் தொடர் எண் இல்லை என்றால் இன்னும் நம்பிக்கை வரும், ஏனென்றால் லுட்விக் தொடர் எண் அடிக்கத் தொடங்கியதே 1963-இன் கடைசியில்தான். அப்போதும் காற்றுத் துளையின் ஓரத்தைப் பார்த்து மஞ்சளை உறுதி செய்த பிறகே பித்தளைக்கான காசைப் பேசுங்கள்.

தொடர் எண்ணைப் பற்றி இன்னொன்று. எண்ணை வைத்து இது இந்த வருடம், இந்த மாதம் என்று அடித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். தொழிற்சாலையில் பேட்ஜுகள் பெட்டியில் குவிந்து கிடக்கும், தொழிலாளி கைக்கு வந்ததை எடுத்து அடிப்பார், வரிசை எல்லாம் பார்ப்பதில்லை. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்தபோது ரிங்கோ ஸ்டாரின் பாஸ் டிரமில் லுட்விக் பெயர் பெரிதாகத் தெரிந்தது. அதன்பிறகு வந்து குவிந்த ஆர்டருக்கு இரவு பகலாகத் தொழிற்சாலை ஓடியது, அந்த அவசரத்தில் எண் வரிசையை யார் கவனிப்பார்கள்? அறுபதுகளின் மர ஷெல்கள் பலவற்றில் உள்ளே சிவப்பு மையில் தேதி முத்திரை இருக்கும், எண்ணைவிட அது நம்பகமானது. அதுவும் ஷெல்லுக்குரிய தேதிதான், டிரம் பூட்டி முடித்தது சில மாதம் தள்ளியும் இருக்கலாம்.

லுட்விக் பேட்ஜ்களைப் பொதுவாக இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: அறுபதுகளில் கீஸ்டோன், 1969 வாக்கிலிருந்து எழுபதுகள் முழுக்க நீலமும் ஆலிவும் கலந்தது, எண்பதுகளில் கறுப்பு வெள்ளை. 1984-இல் தொழிற்சாலை சிகாகோவிலிருந்து வட கரோலினாவின் மன்ரோவுக்குப் போய்விட்டது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது அக்ரோலைட். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று விற்ற டிரம் அது. சுப்ராஃபோனிக்கின் அதே அலுமினிய ஷெல், குரோம் மட்டும் கிடையாது, பத்து லக்குக்குப் பதில் எட்டு. குரோம் இல்லாததால் பொரிச்சலும் இல்லை. லட்சக்கணக்கான கைகளில் அடிபட்டும் இன்னும் மணி போலச் சத்தம் கொடுக்கும். அரிய பொருள் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு பழைய டிரமைப் பிரித்துப் பூட்டிப் படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

இனி எல்லோரும் கனவு காணும் பிளாக் பியூட்டி. லுட்விக் அண்ட் லுட்விக் (லுட்விக்கின் அன்றைய பெயர்) 1920-களில் பித்தளை ஷெல் மேல் கறுப்பு நிக்கல் பூசி, அதைச் செதுக்கிச் செதுக்கிக் கீழே இருக்கும் பித்தளை தெரியும்படி பூக்கொடி வேலைப்பாடு செய்து விற்ற டிரம். கறுப்பில் தங்கக் கோடு ஓடுவதுபோல் இருக்கும். நேரில் ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. இதில்தான் போலியும் அதிகம், ஏனென்றால் சாதாரண நிக்கல் பூசிய இருபதுகளின் பித்தளை டிரமை எடுத்துக் கறுப்பு ஏற்றிப் புதிதாகச் செதுக்கிவிட முடியும். ஷெல் பழையது என்பதால் துளை, லக் எல்லாமே சரியாக இருக்கும், அதனால் முலாமை மட்டும்தான் பார்க்க வேண்டும். நூறு வருடம் ஆன கறுப்பு நிக்கல் கை படும் இடத்தில் மெலிந்து, பழுப்பேறி, லக்கின் அடியில் மட்டும் ஆழமான கறுப்பாக இருக்கும். எல்லா இடமும் ஒரே கறுப்பாக, செதுக்கிய கோடுகளின் அடியில் புத்தம் புதுப் பித்தளை மின்னினால் கேள்வி கேளுங்கள்.

லுட்விக்கே 1970-களின் பின்பாதியில் இதே பெயரில் மீண்டும் செய்யத் தொடங்கியது. அதைப் பழையது என்று நினைத்து ஏமாறுபவர்களும் உண்டு, ஆனால் இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. இருபதுகளின் டிரமில் ராடு ஏறுவதற்கு மெல்லிய குழாய் போன்ற லக் இருக்கும், கீஸ்டோன் பேட்ஜ் இருக்கவே இருக்காது, அந்த பேட்ஜே 1960 வாக்கில்தான் வந்தது. பழைய ஷெல் பெரும்பாலும் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு துண்டாகச் செய்து நடுவில் புடைத்திருக்கும் வரியில் சேர்த்தது, உள்ளே விரல் ஓட்டினால் அந்தச் சேர்க்கை தட்டுப்படும். லீடி, ஸ்லிங்கர்லாண்ட் நிறுவனங்களும் அந்தக் காலத்தில் இதே மாதிரி கறுப்பில் செதுக்கிய டிரம்கள் செய்தார்கள், அவையும் குறைந்தவை அல்ல.

மர டிரம்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ஸ்லிங்கர்லாண்ட் ரேடியோ கிங். முப்பதுகளின் நடுவில் வந்தது, டிரம்மர் ஜீன் க்ரூபா வாசித்ததால் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. இன்று பெரும்பாலான மர ஷெல்கள் பல மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்தவை. ரேடியோ கிங் அப்படி இல்லை, ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் வளைத்து இரண்டு முனையையும் சாய்வாகச் சீவி ஒன்றன் மேல் ஒன்று ஒட்டியது, மேலும் கீழும் உள்பக்கம் ஒரு மர வளையம். டார்ச் அடித்தால் மரத்தின் ரேகை ஷெல்லைச் சுற்றி ஓடி அந்தச் சாய்வு ஒட்டில் முடிவது தெரியும். அந்த ஒட்டு திறந்திருக்கிறதா என்று நகத்தை வைத்துப் பாருங்கள், வளையங்கள் ஷெல்லை விட்டு விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரேடியோ கிங் என்று பெயர் போட்ட எல்லாமே ஒற்றைப் பலகை கிடையாது, அடுக்கு ஷெல் போட்டவையும் உண்டு, விலை பேசும் முன் விளிம்பில் அடுக்குக் கோடு தெரிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இந்த டிரமில் ஸ்நேர் வயர் ஷெல்லின் விளிம்பையும் தாண்டி இரண்டு பக்கமும் நீண்டிருக்கும், அதைத் தாங்க ஒரு பாலம் போன்ற உதிரி உண்டு. பல டிரம்களில் யாரோ ஒருவர் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண வயர் மாட்டியிருப்பார். அசல் த்ரோ-ஆஃப் எல்லாம் சரியாக இருந்தும் அந்தப் பாலமும் நீள வயரும் இல்லை என்றால் தேடிப் பிடிக்க நீண்ட நாள் ஆகும், அதைக் கணக்கில் வைத்துப் பேசுங்கள். ஸ்லிங்கர்லாண்ட் ஹூப்பையும் (ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் வளையம்) அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: அதன் மேல் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும், லுட்விக் ஹூப் வெளிப்பக்கமாக மடியும். பேட்ஜில் சிகாகோ மட்டும் இருந்தால் பழையது, நைல்ஸ் என்று வந்துவிட்டால் அறுபதுகளிலோ அதற்குப் பிறகோ செய்தது.

ரோஜர்ஸ் டைனசோனிக் வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு உதிரி. ஸ்நேர் வயரை அடியில் ஒரு உலோகச் சட்டம் தாங்கிப் பிடித்திருக்கும், வயரின் இறுக்கத்தை அந்தச் சட்டத்திலேயே வைத்துவிட்டு, ஹெட்டில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைத் தனியாகத் திருப்பலாம். அருமையான யோசனை. சட்டம் தொலைந்தோ வளைந்தோ இருந்தால் அந்த டிரம் அந்த டிரமாகவே இருக்காது. அடுத்து லக். ஆரம்பகால ரோஜர்ஸின் லக் தகட்டை அழுத்திச் செய்தது, ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விடும், ஒவ்வொரு லக்கையும் டார்ச் வைத்துப் பாருங்கள். பேட்ஜில் ஓஹாயோவின் கிளீவ்லாண்ட் என்று இருந்தால் அதைத் தேடுபவர்கள் அதிகம். 1966-இல் சிபிஎஸ் நிறுவனம் ரோஜர்ஸை வாங்கிய பிறகு கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் வந்துவிடும்.

க்ரெட்ச் என்றால் உள்ளே வெள்ளி நிறப் பூச்சு, கனமான வார்ப்பு ஹூப், வட்ட பேட்ஜ். எழுபதுகளில் பேட்ஜ் எட்டு முனையாக மாறியது. கேம்கோவுக்கு உருண்டையான லக், பேட்ஜில் ஓக்லான் என்ற ஊர்ப் பெயர். அதே உருண்டை லக்கைப் பிறகு டிடபிள்யூ என்ற டிரம் நிறுவனம் எடுத்துக்கொண்டு இன்றுவரை செய்கிறது, எனவே லக்கை மட்டும் பார்த்துக் கேம்கோ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

போர்க்காலத்து டிரம்கள் ஒரு தனி உலகம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு உலோகத்துக்குக் கட்டுப்பாடு போட்டது, இசைக் கருவியின் மொத்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் உலோகம் இருக்கக் கூடாது. அதனால் லக், ஹூப் எல்லாம் மரத்தில் செய்தார்கள். ஸ்லிங்கர்லாண்டின் ரோலிங் பாம்பர் அப்படிப் பிறந்ததுதான். போர் முடிந்ததும் யாரும் அதை விரும்பவில்லை, மர லக் உடைந்ததும் தூக்கிப் போட்டுவிட்டார்கள், அதனால்தான் இன்று முழுதாக ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். கிடைத்தால் ஹெட்டை இறுக்கிச் சோதிக்காதீர்கள், மர லக் கையோடு வந்துவிடும்.

எந்த டிரமாக இருந்தாலும் மூன்று விஷயத்தைத் தொட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. ஷெல் வட்டமாக இருக்கிறதா? நாடாவை நான்கு திசையில் வைத்து விட்டம் அளந்தால் தெரியும், அல்லது ஹூப் இல்லாமல் ஹெட்டை மட்டும் மேலே வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஒரு இடத்தில் மட்டும் இறுகினால் ஷெல் சற்றே முட்டை வடிவம் ஆகிவிட்டது. பேரிங் எட்ஜ், அதாவது ஹெட் உட்காரும் விளிம்பு, சமமாக இருக்கிறதா? தட்டையான கண்ணாடி மேல் கவிழ்த்து உள்ளே டார்ச் வைத்து விளக்கை அணைத்தால் இடைவெளி உள்ள இடத்தில் வெளிச்சம் கசியும். இங்கே ஒரு சங்கடம் உண்டு. பழைய விளிம்பு கொஞ்சம் உருண்டையாகத்தான் இருக்கும், அதை இன்றைய மாதிரி கூராகச் சீவினால் டியூன் செய்ய எளிதாகும், ஆனால் அந்தக் காலத்துச் சத்தமும் சேகரிப்பு மதிப்பும் போய்விடும். வாசிக்க முடியாத அளவு மோசமாக இருந்தால் ஒழிய விளிம்பைத் தொட விடாதீர்கள்.

மூன்றாவது ரேப். ஒரே ஒரு லக்கைக் கழற்றி அடியில் பாருங்கள். வெள்ளை முத்து ரேப் வெயிலும் புகையும் பட்டு வருடக்கணக்கில் மஞ்சளாகும், லக் மூடிய இடம் மட்டும் அன்றைய வெள்ளையாகவே இருக்கும். அந்த நிழல் தெரிந்தால் லக்கும் ரேப்பும் ஒன்றாகவே வயதானவை. நிழலே இல்லை என்றாலோ, நிழலின் வடிவம் லக்கோடு பொருந்தவில்லை என்றாலோ கதை வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைலார் பிளாஸ்டிக் ஹெட் 1950-களின் பின்பாதியில்தான் வந்தது, அதற்கு முன் எல்லாம் கன்றுத் தோல். தோலுக்காகச் செய்த சில மர ஷெல்கள் இன்றைய 14 அங்குல ஹெட்டுக்கு ஒரு மயிரளவு பெரிதாக இருக்கும், ஹெட் உட்காராமல் அடம் பிடிக்கும். அதற்காக ஷெல்லைச் சீவாதீர்கள். வளையம் கொஞ்சம் தாராளமாக இருக்கும் ஹெட் வகைகள் இருக்கின்றன, கன்றுத் தோல் ஹெட்டும் இன்னும் கிடைக்கிறது. மரையும் அப்படித்தான். ஐரோப்பிய டிரம்களின் மரை அமெரிக்க மரையிலிருந்து வேறுபடலாம், ராடு சுலபமாக ஏறவில்லை என்றால் அதை முறுக்கி ஏற்றவே கூடாது, பழைய லக்கின் மரை போய்விட்டால் திரும்ப வராது.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பளபளப்பாக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும், எனக்கும் அப்படித்தான். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி, இதிலேயே பாதி அழுக்கு போய்விடும். உலோகப் பாலிஷைக் கறுப்பு நிக்கல் பக்கம் கொண்டு போகாதீர்கள், அந்தப் பூச்சு மிக மெல்லியது, இரண்டு தேய்ப்பில் நூறு வருடம் துணியோடு வந்துவிடும். பழைய நிக்கல் கொஞ்சம் மஞ்சள் சாய்ந்து மங்கலாகத்தான் இருக்கும், அதன் அழகே அதுதான். மரைகளுக்கு ஒரு துளி கிரீஸ் போடுங்கள். எடுத்து வைக்கும்போது ஹெட்டை முழுக்கத் தளர்த்திவிடாமல் இரண்டு பக்கமும் மிதமான இறுக்கத்தில் விடுங்கள், ஷெல் வட்டம் மாறாமல் இருக்கும். ஈரம் ஏறி இறங்கும் அறையில் மர ஷெல்லை வைக்க வேண்டாம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு லக்கையும் அதன் ஸ்க்ரூ, வாஷரோடு தனித்தனிப் பையில் போட்டு, காற்றுத் துளையிலிருந்து வலப்புறமாக ஒன்று, இரண்டு என்று எண் எழுதுங்கள். லக் அடியில் இருக்கும் நிழல் அந்தந்த லக்குக்கே உரியது, மாற்றிப் பூட்டினால் அடுத்து வாங்குபவர் நீங்கள் உதிரி மாற்றியதாக நினைப்பார். ஏதாவது உடைந்த உதிரியை மாற்றத்தான் வேண்டும் என்றால் ஷெல்லில் ஏற்கெனவே இருக்கும் துளைக்குப் பொருந்துவதாகத் தேடுங்கள், கிடைக்கவில்லை என்றால் ஒரு வருடம் ஆனாலும் காத்திருங்கள். கழற்றிய அசல் உதிரி உடைந்திருந்தாலும் அதே பையில் போட்டு டிரமோடு வையுங்கள்.